ஒன்றரைச் சுற்று

நம் வயதுக்காரர்கள் கூடியிருக்கும்போது சின்ன வயதுப் பொறாமைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒருத்தி அடுத்த வீட்டுப் பிள்ளையின் வெல்வெட் பாவாடையைச் சொல்கிறாள். இன்னொருவர் அண்ணனுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்த சைக்கிளைச் சொல்கிறார். நான் மட்டும் இதுவரை வாயைத் திறந்ததில்லை. எனக்குப் பொறாமை வந்தது என்னைப் பெற்ற அம்மாவின் மேல். காரணம், ஒரு பழைய காரின் கார்ப்பரேட்டர். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மீதியையும் கேளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. கறம்பக்குடியில் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அப்பாவின் பட்டறை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருபது வருசம் கிடந்ததில் அவருடைய இடது காது பாதி அடைத்துப் போயிருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய் நின்றுதான் சொல்ல வேண்டும்.

அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பெரியப்பா இருந்தார். அப்பாவின் அண்ணன். அவர் புதுக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமா, ஆஸ்பத்திரியா, பழனிக்கு முடி இறக்கப் போவதா, எல்லாவற்றுக்கும் அவர் கார்தான். அது எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது அப்பா கையில் இருக்கிற ஸ்பேனரை அப்படியே நிறுத்திவிடுவார். கார் முக்குத் திரும்பிய பிறகுதான் மறுபடி முறுக்குவார். அந்த வயதில் அதை நான் ஓய்வு என்று நினைத்தேன்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் அப்பாவும் ஒரு கார் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் ஒரு பங்களாவில் பல வருசமாகச் சும்மா நின்ற கருப்புக் கார். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கதவைத் திறந்தால் அழுகிய முந்திரிப் பழ வாசம் அடித்தது. எத்தனை தடவை கழுவியும் அந்த வாசம் போகவே இல்லை.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. அப்பா அதைக் கழற்றிப் புதுக்கோட்டையில் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டுபோனார். சும்மா சரி பண்ணி வாங்கி வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன்களைப் போட்டு, மேலே மூடுகிற ஹெட்டையும் கொஞ்சம் செதுக்கி வாங்கி வந்தார். அப்படிச் செய்தால் பழைய இன்ஜினுக்கு இரண்டு மடங்கு பலம் வரும் என்று அம்மாவிடம் சொன்னார்.

"எதுக்குங்க அம்புட்டு பலம்?" என்று அம்மா கேட்டாள்.

"அண்ணன் வண்டிய ஒரு நாளாச்சும் பின்னால விடணும்" என்றார் அப்பா.

அங்கேதான் கார்ப்பரேட்டர் வந்தது. இப்போது வருகிற கார்களில் அது இல்லை என்பதால் சொல்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற ஒரு ஈய நிறச் சாமான்; ஒரு செம்பு அளவுதான் இருக்கும். காரோடு வந்த பழைய கார்ப்பரேட்டர் சின்ன இன்ஜினுக்குச் செய்தது. அகலமாக்கிய இன்ஜினுக்கு அது போதவில்லை. கொஞ்சம் வேகம் எடுத்ததும் மூச்சு முட்டி, பட்டென்று தும்மி நின்றது. லேத்துக்காரர் தன் அலமாரியிலிருந்து மூன்று கார்ப்பரேட்டர்களை எடுத்துக் கொடுத்து, "போட்டுப் பாருங்கண்ணே, ஒத்து வர்றத வச்சுக்கங்க" என்று அனுப்பினார். ஒன்று ஜீப்பில் இருந்தது. ஒன்று ஏதோ பெரிய வேனில் இருந்தது. மூன்றாவது எதில் இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றையும் அப்பா பெட்ரோலில் கழுவினார். கழுவுவதற்கு அம்மாவின் நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் தட்டு அடுக்களைக்குத் திரும்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ரிப்பன் நுனியிலும் பெட்ரோல் பட்டுவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத கோடை. நாள் முழுக்க நான் அந்த வாசத்தோடு அப்பா பக்கத்திலேயே இருந்தேன்.

எனக்கு அங்கே ஒரு பதவி இருந்தது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி என் முன்னால் வரிசையாக வைப்பார் அப்பா. "நெறம் சொல்லு ஆத்தா" என்பார். பெட்ரோல் அதிகமாகப் போனால் பிளக்கின் முனை கரியாக இருக்கும். குறைவாகப் போனால் வெளுத்திருக்கும். சரியாகப் போனால் பிஸ்கட் நிறம். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "கரி, கரி, கரி, சுண்ணாம்பு" என்று சொல்லுவேன். அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டார். உலகத்தில் அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் தேவைப்பட்டேன் என்று எனக்கு நினைப்பு.

அப்பாவின் ஆசை அந்தப் பெரிய வேன் கார்ப்பரேட்டர் மேல். வாய் அகலமானது. அதைப் பொருத்தி ஆக்சிலேட்டரை அமுக்கினால் இன்ஜின் ஒரு நொடி திகைத்து நின்று, பிறகு கனைத்துக்கொண்டு எழுந்தது. பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். பெட்ரோல் போகிற ஓட்டை உள்ள சின்னப் பித்தளைத் துண்டை, ஜெட் என்பார்கள், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எத்தனை தடவை கழற்றினாலும் நாலு பிளக்கும் கரி.

பதினோராம் நாள் மதியம் அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். கையில் மாவு. கொட்டகை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"இந்தாங்க, அதுக்கு வாய் பெரிசு. காத்து வேகமா போகல. நீங்க அமுக்குறப்ப வெறும் வாயத் தெறக்குது, பெட்ரோலு பின்னாடிதான் வருது. அந்தப் பேரு தெரியாதத மாட்டிப் பாருங்களேன்."

அப்பா சிரித்துவிட்டார். "ஒனக்கு என்னடி தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கேக்குது, சொன்னேன்."

அம்மாவின் அப்பா ஒரு ரைஸ்மில்லில் இன்ஜின் ஓட்டியவர். கல்யாணம் ஆகும்வரை தினமும் அவருக்குச் சோறு கொண்டுபோய், அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அம்மா. இந்தக் கதை எனக்கு அதுவரை தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா விளையாட்டுக்குத்தான் மூன்றாவதை மாட்டினார். இன்ஜின் எழுந்தது. ஆக்சிலேட்டரை அமுக்கியதும் தடுமாறாமல் ஏறியது. அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதான். ஆனா நாலுல ஒண்ணு பின்தங்குது. கடைசியா இருக்கறது. எங்கிட்டோ காத்து உள்ள போவுது."

அப்பா நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றினார். என் முன்னால் வைக்கவில்லை. அவரே பார்த்தார். மூன்று பிஸ்கட், கடைசி ஒன்று சுண்ணாம்பு. அந்தப் பக்கத்துப் பேக்கிங் அட்டையில் நகம் நுழைகிற அளவுக்குக் கிழிசல் இருந்தது.

"அடியே!" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோசமாக அவர் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் பதவி போனது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அடுக்களைப் பக்கம் வந்து, "இங்கிட்டு வா, கேளு" என்பார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்ப்பரேட்டரின் வாய்ப் பக்கம் பிடிப்பாள். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. வண்டி நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் தீர்மானிக்கும். அப்பா குட்டைத் திருப்புளியால் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும், இன்னும், ஆங், தாண்டிருச்சு, திரும்பி வாங்க" என்பாள். பிறகு கண்ணைத் திறந்து சிரிப்பாள். மூக்கில் கரி ஒட்டியிருக்கும். அப்பா தன் தோள் துண்டால் துடைத்துவிடுவார்.

நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிளக்குகள் ஒரு டப்பாவில் கிடக்கும். நானாக எடுத்து, "அப்பா, பிஸ்கட்டுப்பா" என்று சத்தம் போட்டுச் சொல்லுவேன். "சரி ஆத்தா" என்பார், திரும்பாமலே. ஒருமுறை அவருக்குக் கேட்கவில்லையோ என்று வலது பக்கமாகப் போய் நின்று சொன்னேன். "சரின்னேனே" என்றார்.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கந்தர்வக்கோட்டை ரோட்டில் போவார்கள். முன் சீட்டு என்னுடையதாக இருந்தது. இப்போது அதில் அம்மா உட்கார்ந்தாள். நான் பின்னால், எலி குதறிய பஞ்சின் மேல். இரண்டு பக்கமும் முந்திரி, செம்மண் புழுதி, ஜன்னல் வழியே வருகிற வெக்கை. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் போவார்கள். அவர்கள் பேசிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அம்மாவின் சடையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே, இவளுக்கு அடுக்களை இருக்கிறதே, இங்கே ஏன் வந்தாள் என்று நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

சரியான இடம் பிடிபட்ட அன்று அம்மா ரப்பர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "இதத் தொடாதீங்க" என்றாள். அப்பா திருகின் தலைக்கு நேராகக் கார்ப்பரேட்டர் உடம்பில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தார். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

லேத்துக்காரர் பார்க்க வந்தார். பானட்டைத் திறந்து வைத்து, ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இன்ஜின் மேல் வைத்தார். தண்ணீர் தளும்பவில்லை. "யாருண்ணே ட்யூன் பண்ணது?" என்று கேட்டார். அப்பா உற்சாகமாக அம்மாவைக் காட்டினார். லேத்துக்காரர் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "மதினி, எங்க பட்டறையில ஒரு வேன் ஒரு மாசமா நிக்குது. ஒரு நாளு வந்து கேட்டுச் சொல்லுங்க. பஸ்ஸுல வேணாம், நானே ஆளனுப்புறேன்."

அம்மா வெட்கத்தோடு அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "பாக்கலாம் பாக்கலாம்" என்றார். அவருடைய உற்சாகம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதை நான் கவனித்தேன். ஏனென்றால் அந்த நாட்களில் அவர் முகத்தைத் தவிர நான் வேறெதையும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவரைப் பார்த்து, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். அப்பா, "இல்ல" என்றார். அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் பெரியப்பாவே வந்தார். தன் காரில் ஏதோ கரகரப்பு என்றார். "ஏம்மா, கொஞ்சம் வந்து கேளேன்" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவார்? அம்மா கேட்டு, விசிறிப் பெல்ட் பக்கத்தில் ஒரு பேரிங்கைச் சொன்னாள். அதேதான். பெரியப்பா அப்பாவின் முதுகில் தட்டினார்.

"தம்பி, இம்புட்டு வருசமா ஒரு மெக்கானிக்கை அடுப்பங்கரையில பூட்டி வச்சிருந்திருக்கியேடா. வைகாசியில எம் மக கல்யாணம். மாப்ள அழைப்புக்கு ஒன் வண்டிதான். ஒன் பொண்டாட்டி கேட்டு வச்ச வண்டி, நம்பி ஏத்தலாம்."

பெரியப்பா நல்ல மனதோடுதான் சொன்னார். இன்று யோசித்தாலும் அதில் கெட்டது தெரியவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டில் உப்பு கூட என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் அந்தக் குழம்பைத் தொட்டுப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அப்பா அம்மாவோடு கோபமாக இருக்கிறார் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவருக்கும் என்னைப் போலத்தான் எரிகிறது என்பது மட்டும் புரியவில்லை. பெரியவர்களுக்கு அது வரும் என்றே எனக்குத் தெரியாது.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை திருவரங்குளத்துக்காரர். ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் அவரை ஏற்றிக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால் மெதுவாகக் கடைத்தெரு வழியாகக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டி வர வேண்டும். விடிந்ததும் காரைக் கழுவிச் சம்பங்கி மாலை போட்டார்கள். நான் புதுப் பாவாடையோடு ஓடிப்போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு ஆத்தா" என்றார் அப்பா. "அம்மா வரணும். மேளம் மெதுவாப் போகும், வண்டி ஒரே ஸ்லோவுல ஊரணும். அவ பக்கத்துல இருந்து கேக்கணும்னு பெரியப்பா சொல்லிருக்காரு. நீ மத்த புள்ளைகளோட நடந்து வா."

அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. குளிக்கப் போய்விட்டார். அம்மா உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் காரிலிருந்து இறங்கி, முன்பக்கம் போய், பானட்டின் கொக்கியைத் தூக்கினேன். நூறு தடவை பார்த்ததுதான். குட்டைத் திருப்புளி வழக்கமான ஆணியில் தொங்கியது. அந்தச் சின்னத் திருகை இடது பக்கமாகத் திருப்பினேன். ஒரு சுற்று. அது போதுமா என்று தெரியவில்லை. இன்னும் அரைச் சுற்று. கோடு ஒரு பக்கம், திருகின் வெட்டு ஒரு பக்கம் ஆனது. கையில் கருப்புப் பிசுக்கு ஒட்டியது. பாவாடையின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டேன்.

வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. அம்மா சொன்னது தப்பாக வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா ஸ்டார்ட் செய்தார். முன் சீட்டில் ஆரத்தித் தட்டோடு உட்கார்ந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. தொண்டை கட்டுன மாதிரி இருக்கு. ஒரு தடவை தெறந்து பாத்துருவோம்."

"நேரமாச்சு" என்றார் அப்பா.

"இல்லங்க, சத்தம் அப்புடி இல்ல..."

"எனக்கும் காது இருக்கு. ஒவ்வொரு தடவையும் நீ சொல்லித்தான் வண்டி எடுக்கணுமா?"

அம்மா ஆரத்தித் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மேளம் கிளம்பியது. மாப்பிள்ளையும் அவருடைய தோழனும் பின் சீட்டில். கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. நாங்கள் பிள்ளைகள் பக்கவாட்டில் நடந்தோம். கடைத்தெருவுக்குள் நுழையும்போதே இன்ஜின் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓட ஆரம்பித்தது. பின்னால் புகை வந்தது. முதலில் சாம்பல் நிறம், அப்புறம் கருப்பு. காற்று எதிர்ப்பக்கம் திரும்பியதும் புகை காரைச் சுற்றி ஜன்னல் வழியாக உள்ளே போனது. மாப்பிள்ளை பட்டு வேட்டி முனையால் மூக்கைப் பொத்தினார். பாத்திரக்கடைக்கு நேராக வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. அப்பா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார். எழவில்லை. மேளம் தானாக நின்றது.

அந்த அமைதியில் யாரோ சொன்னார்கள். "பொம்பளை ட்யூன் பண்ண வண்டில்ல?" சிரிப்பு எழுந்தது. கடைகளுக்குள்ளிருந்தும் சிரித்தார்கள்.

பின்னால் வந்துகொண்டிருந்த பெரியப்பாவின் காரை முன்னால் கொண்டுவந்து மாப்பிள்ளையை அதில் ஏற்றினார்கள். அம்மா இறங்கி, ஆரத்தித் தட்டைக் கையில் பிடித்தபடி நடுரோட்டில் நின்றாள். அப்பா பானட்டைத் திறந்தார். நான் கூட்டத்துக்குள் புகுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். பயம் வந்துவிட்டால் அவர் பக்கத்தில் போய் நிற்பதுதான் எனக்குப் பழக்கம்.

அவர் பிளக்குகளைக் கழற்றினார். நாலும் ஈரக் கரி. ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினார். பிறகு கார்ப்பரேட்டரைக் குனிந்து பார்த்தார். அவருடைய விரல் அந்தக் கோட்டில் போய் நின்றது. கோட்டையும் திருகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். கொண்டுபோனதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குமேல், என் பாவாடை ஓரத்தில் கருப்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"அங்கிட்டுப் போயி நில்லு" என்றார். குரலில் கோபம் இல்லை.

திருப்புளியை எடுத்துத் திருகை வலது பக்கமாகத் திருப்பினார். ஒரு சுற்று. அரைச் சுற்று. கோட்டுக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். ஸ்டார்ட் செய்தார். கொஞ்சம் இருமிப் புகையைத் துப்பிவிட்டு, இன்ஜின் பழைய மாதிரி அமைதியாக ஓடியது.

பெரியப்பா ஓடி வந்தார். "என்னடா ஆச்சு?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இவ சொன்னாளேன்னு அப்புடியே வச்சிருந்தேண்ணே. பெட்ரோலக் குடிச்சிருச்சு. இப்ப என் அளவுக்கு நான் வச்சுட்டேன். இனி நிக்காது."

அம்மா தட்டோடு அங்கேயேதான் நின்றாள். கார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்தபடி. பிறகு தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அப்பா முன் சீட்டுக் கதவைத் திறந்து, "ஏறு ஆத்தா" என்று என்னிடம் சொன்னார். நான் ஏறினேன். அம்மாவைத் தாண்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம்.

அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நான் பல வருசம் பெருமையாக வைத்திருந்தேன். அவருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று மனதுக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். பிளக்குகள் மறுபடி என் முன்னால் வரிசையாக வந்தன. முன் சீட்டு எனக்கே. ரப்பர் குழாய் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா கொட்டகைக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். வண்டி ஸ்டார்ட் ஆகும்போது அடுக்களையில் இருந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஆடி மாதம் லேத்துக்காரர் மறுபடி வந்தார். கல்யாணத்தில் நடந்ததை அவரும் கேள்விப்பட்டிருந்தார், நம்பவில்லை. "மதினியக் கூப்புடுங்கண்ணே, அந்த வேன் இன்னும் அப்புடியேதான் நிக்குது" என்றார்.

"அவளுக்கு இப்பல்லாம் காது சரியா கேக்குறதில்ல" என்றார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. எனக்குக் கேட்டது. லேத்துக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

அந்தக் கார் எட்டு வருசம் ஓடியது. பெரியப்பா வண்டியை எத்தனையோ தடவை பின்னால் விட்டது. அப்பா அதை விற்றபோது, கார்ப்பரேட்டர் யார் வைத்தது என்று வாங்கியவர் கேட்டார். "நான்தான்" என்றார் அப்பா. அதில் பாதி பொய். அவர் போய்ப் பதினாறு வருசம் ஆகிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றும் நாக்கு வரமாட்டேன் என்கிறது. என்னை அவர் அடித்ததில்லை. அம்மா பெயரைக் கெடுத்த மாதிரி என் பெயரை ஒருநாளும் கெடுத்ததில்லை.

அம்மா இப்போது புதுக்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். கண் மங்கிவிட்டது, காது அப்படியே இருக்கிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் காற்றை இழுத்தால் கட்டிலில் படுத்தபடியே, "நிப்பாட்டு, தண்ணி வரல" என்று கத்துவாள்.

போன மாதம் ஒருநாள் மதியம் அவளோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எதனால் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். பானட்டைத் திறந்தது, திருப்புளி, ஒன்றரைச் சுற்று, எல்லாம்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"அப்பா சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. ஸ்டார்ட் பண்ணும்போதே யாரோ கை வச்சிருக்காகன்னு கேட்டுச்சு. கடைத்தெருவுல மறுபடி ஸ்டார்ட் பண்ணாரே, அப்ப கேட்டுச்சு. அது நான் வச்ச சத்தம். அவரு அளவாம், அளவு. அன்னைக்குச் சாயந்தரம் ஒன் பாவாடையத் தொவச்சேன். அப்பத்தான் நீயின்னு தெரிஞ்சுச்சு."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? ஊருகிட்டயா? சொல்லியிருந்தா ஒன்னய ஏசுவாக. அவரு பொய்யி சொன்னாருன்னு ஆகும்."

"என்மேல கோவமே வரலியா?"

அம்மா முதல்முறையாக நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள்.

"வராம? ரெண்டு வருசம் ஒனக்குச் சடை பின்னும்போது இழுத்து இழுத்துத்தானே பின்னுனேன். நீ அழுவே. அது ஞாபகம் இல்லயா ஒனக்கு?"

ஞாபகம் இருந்தது. என் முடி சிக்கு முடி என்றுதான் இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புத்தாம்மா" என்றேன்.

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.

"நீ சின்னப்புள்ள" என்றாள். "அந்த மனுசன் சின்னப்புள்ளையா?"